சன்னலுக்குக் கீழே விட்டுவைத்த செடி

பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு வீட்டுக்குள் முதல் தடவை நுழைகிறீர்களா? மேசை எங்கே, நாற்காலி எங்கே என்று தேடாதீர்கள். சன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வீட்டம்மா தேத்தண்ணி ஊற்றப் போகிற நேரத்தில், அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் பாதிப் பாடம் அங்கேதான் நிற்கிறது. மீதிப் பாதி உங்கள் பையில் இருக்கும் புத்தகத்தில். இரண்டும் ஒத்துப்போகிற நாள் நல்ல நாள். ஒத்துப்போகாத நாள் அதைவிட நல்ல நாள்தான், ஆனால் அன்றைக்கு உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

"டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எப்போதும் வாய் நீளம். இப்போது முழங்காலும் மடங்க மாட்டேன் என்கிறது, மேடு ஏறி எந்த வீட்டுக்கும் போக முடியாது. பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நீங்கள் வீடு வீடாக விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதல் வீட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துவிட்டு மேலே போவோம். ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் வீடு அது. மழைக்காலம். வழியில் என் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறியாமல் ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு போனேன். அட்டை எப்படி நகர்கிறது, ஆள் இருக்கிற திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. நாங்கள் புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மூடி எப்படித் திறந்ததோ, அட்டை சாமியறைக்குப் போய்விட்டது. அங்கே கிளாக்கர் ஐயா கற்பூரத் தட்டோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த கடைசித் தேத்தண்ணி அதுதான். அன்றிலிருந்து உயிருள்ள எதையும் ஒரு வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தேன். வெளியே இருப்பது வெளியேயே இருக்கட்டும், உள்ளேயிருந்து பார்த்தால் போதும். நான் சன்னல் பைத்தியம் ஆனது அப்படித்தான்.

இப்போது வசந்தியிடம் வருகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தத் தோட்டத்தை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இவர் கீழ்க்கணக்குக்குக் கணக்கப்பிள்ளை. அங்கே கொழுந்து எடுக்கிற அத்தனை பேரும் இவர் பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். கூடையில் ஒரு முற்றின இலை கிடந்தால் போதும், இவர் போடுகிற சத்தம் அடுத்த மலையில் கேட்கும். அவர் மகள் வசந்திக்குப் பத்து வயது. வாதக்காய்ச்சல் வந்து இருதயத்தைத் தொட்டுவிட்டது. மேடு ஏறக் கூடாது, ஓடக் கூடாது, மனசு பதறக் கூடாது, படுக்கையிலேயே இருக்கட்டும் என்று நுவரெலியாவில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமோ மேட்டில். அதனால்தான் நான்.

அந்தக் கட்டிலைச் சன்னலோரம் போட்டிருந்தார்கள். காலையில் நான் போய் உட்காரும்போது வெளியே ஒன்றுமே இருக்காது. வெறும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் வீட்டை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடும் கான் தெரியும். கானுக்கு அந்தப் பக்கம் முதல் தேயிலைச் செடி தெரியும். அதற்கப்பால் மறுபடியும் வெள்ளை. வசந்தி தலையணையில் சாய்ந்தபடி பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னிக்கு உலகம் அந்தச் செடி வரைக்கும்தான் இருக்கு" என்பாள். சில நாள் மதியம் வரைக்கும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு செடி உள்ள நாட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு மழை எப்படி உண்டாகிறது என்று படித்தோம். மேகத்தைப் பற்றி வாசித்துவிட்டு நிமிர்ந்தால் மேகமே சன்னல் வழியாக உள்ளே வந்து, தாளை ஈரமாக்கிவிட்டு, அந்தப் பக்கம் அடுப்படிக்குப் போகும். அவள் கண்ணாடியில் விரலால் கோடு இழுப்பாள். கோட்டின் அடியில் துளி சேர்ந்து, கனத்து, இறங்கும். அது இறங்கி முடிகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பாடம் சொல்வது ஒரு தனி சுகம். நான் பேசப் பேசவே தூங்கிப்போவாள். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து கேள்வி கேட்பாள், கனவிலும் அதே பாடம் நடந்த மாதிரி. தொழிற்சாலையிலிருந்து வாடின கொழுந்தின் வாசனை வரும். எனக்கே கண் சொருகும். ஒருநாள் அவள் கையைப் பிடித்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இருதயம் செய்கிற வேலை விரல் நுனியில் தெரியும் என்றதும் அவளுக்கு ஆச்சரியம். "உள்ள இருக்கிறது வெளிய வந்து பேசுது டீச்சர்" என்றாள். அதன் பிறகு என் நாடியையும் விட்டுவைக்கவில்லை.

என்னிடம் ஒரு தாவரப் புத்தகம் இருந்தது. இங்கிலீஷ் புத்தகம். மேலட்டை கிழிந்து போய்விட்டது, மழைக்குப் பயந்து ரப்பர் சீலையில் சுற்றியே வைத்திருப்பேன். வாசித்துத் தமிழில் சொல்வேன். ஒரு பக்கம் வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, வெளியே பார்ப்பது, இதுதான் என் வழக்கம். புத்தகம் சொன்னது வெளியே இருக்கிறதா? இல்லையென்றால் உன் கண்ணால் பார்க்கிறவரைக்கும் நம்பாதே. இதை நான் போகிற வீடெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் தேயிலையைப் பற்றிய பக்கம் வந்தது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளரும், வெள்ளைப் பூ பூக்கும், நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக நிற்கும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடினோம். வெளியே பார்த்தோம். மட்டமாக வெட்டி, மட்டமாகக் கிள்ளி, பாய் விரித்த மாதிரி கிடக்கிறது தேயிலை. மரமும் இல்லை, பூவும் இல்லை.

"பொய்ப் புத்தகம்" என்றாள் வசந்தி.

மறுநாள் நான் ஓடை ஓரத்தில் யாரும் கவனிக்காமல் வளர்ந்த தேயிலையில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு போனேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"பூ நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தேயிலப் பூன்னு நீங்கதானே சொல்றீங்க. நான் பாக்கலியே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து கொண்டுவந்தவள் நான்! ஆனால் என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள். உங்களுக்கும் இது நடக்கும். நடந்தால் கோபத்தை முழுங்கிவிட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுங்கள், பிள்ளை படித்துவிட்டது.

சன்னலுக்குக் கீழே இருந்த அந்த முதல் செடி ஒரு பெண்ணின் நெரையில் கடைசிச் செடி. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நெரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண் நெரை முடிந்து கானருகில் வந்ததும் கூடையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, "என்னா பாப்பா, இன்னிக்கு மூச்சு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நாங்கள் அவளை அக்கா என்றே கூப்பிட்டோம். புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று மட்டும் தெரியும்.

சில வாரம் கழித்து அந்தச் செடி மட்டும் தலை தூக்கி நிற்பதைக் கவனித்தேன். அதன் மேல் அந்த அக்காவின் கம்பளி கிடந்தது.

"நான்தான் டீச்சர் அக்காகிட்ட கேட்டேன், இத மட்டும் கிள்ளாதீங்கன்னு" என்றாள் வசந்தி. முகமெல்லாம் சிரிப்பு.

தோட்டத்தில் ஒரு செடியைக் கிள்ளாமல் விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்தை ஆளுகிற வெள்ளைக்காரத் துரை கண்ணில் பட்டால் வேலை போகும். வேலை போனால் அவள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்? அடுத்த முறை அவள் வந்தபோது சன்னல் வழியாகச் சொன்னேன்.

"வேண்டாம்மா, கிள்ளிடுங்க. நான் பிள்ளைகிட்ட சொல்லிக்கிறேன்."

"ஒத்தச் செடிதானே டீச்சரம்மா. தொரை வந்தா கம்பளியப் போட்டு மூடிருவேன். காயப் போட்டாப்பல இருக்கும். நீங்க பயப்படாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மறுபடியும் இரண்டு தடவை சொன்னேன். ம்ஹும், அசையவில்லை.

மாதங்கள் போயின. பனி விலகும்போது செடி நேற்றைவிடக் கொஞ்சம் பெரியதாகத் தெரியும். வசந்தி அதற்குக் காலை வணக்கம் சொல்லத் தொடங்கினாள். பிறகு இலைக் கணுக்களில் பச்சைப் பட்டாணி மாதிரி மொட்டுகள் தலைகீழாகத் தொங்கின. அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். மொட்டு உருண்டது, அவள் கன்னத்திலும் கொஞ்சம் சதை வைத்தது. எனக்குப் பயம் விட்டுப்போகவில்லை, ஆனால் நானும் காலையில் வந்ததும் முதலில் மொட்டைத்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் பூவின் பாகங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று தூறல். அந்த அக்கா செடியிலிருந்து கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் துரை குறுக்குப் பாதையில் இறங்கி வந்தார். பின்னால் கங்காணி. துரையின் கைத்தடி அந்தச் செடியின் உச்சியில் வந்து நின்றது.

"இது என்னா? யாரு நெரை?"

துரைமார் தமிழில் மரியாதை எல்லாம் கிடையாது. கங்காணி கூவினார், "அஞ்சலை! ஏ அஞ்சலை, இங்க வா!"

"அக்கா பேரு அஞ்சலையா டீச்சர்?" என்று வசந்தி மெதுவாகக் கேட்டாள். இத்தனை மாதம் அவள் விசாரித்ததில்லை.

அஞ்சலை வந்து கம்பளியைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை முகத்தில் வழிந்தது. "மறந்துட்டேங்க தொரை" என்றாள். அவ்வளவு வளர்ந்த செடியை யார் மறப்பார்கள்? துரை கங்காணியைப் பார்த்து, நாளையிலிருந்து இவளுக்கு வேலை இல்லை என்றார். சத்தம் கூடப் போடவில்லை. அதற்குள் கணக்கப்பிள்ளை ஐயா மலையிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்க, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன். வெளியே போய் எல்லாம் என்னால்தான் என்று சொல்லிவிடுவது என்று முடிவு. வசந்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகாதீங்க டீச்சர். கேட்டது நானு. நான் சொல்றேன்."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா பாய்ந்து வந்தார். "சன்னலச் சாத்துங்க டீச்சர்! பிள்ளைக்குப் படபடப்பு வந்துரும். டாக்டர் என்னா சொன்னாரு!"

பிள்ளைகளே, இதுபோன்ற நேரத்துக்கு எந்தப் புத்தகமும் உதவாது. சன்னலைச் சாத்தினால் அவள் இருதயத்துக்கு நல்லது. சாத்தினால் அஞ்சலையின் காம்பரா போகும், அதற்குக் காரணம் தான்தான் என்று இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அதுவும் அதே இருதயத்தில்தான் போய் உட்காரும். பார்த்ததைப் பார்த்தபடி சொல் என்று இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் சொல்லப் போகிற நேரத்தில் சன்னல் கொண்டியை மாட்டுவேனா? மாட்டவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, "நான் பிடிச்சிருக்கேன்மா" என்று சொன்னேன். வசந்தியின் கையை எடுத்து நாடியில் என் விரலை வைத்துக்கொண்டேன். துடிப்பு தவறினால் அந்த நொடியே படுக்க வைத்துவிடுவது என்று நினைத்தேன்.

"தொரை! நான்தான் அக்காகிட்ட விடச் சொன்னேன். எனக்கு வெளிய போக முடியாது. அதனால பூவ இங்க வரச் சொன்னேன். அக்கா மேல தப்பில்ல."

துரை நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். என் விரலுக்குக் கீழே நாடி குதித்துக்கொண்டு ஓடியது. அவர் கைத்தடியால் ஓர் இலையைத் தூக்கி மொட்டைப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

"உன் பொண்ணா?"

"ஆமாங்க."

"உன் வீட்டுக்கு முன்னால. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார். சுற்றிலும் கொழுந்து எடுக்கும் பெண்கள் கை நின்றுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் மிரட்டி வேலை வாங்குகிற மனுஷன், அவர்கள் முன்னால் தலை குனிந்தார்.

"தெரியுங்க தொரை. தினம் பார்க்கிறேன். நான்தான் விட்டுவச்சேன். அந்தப் பொம்பள மேல ஒண்ணும் இல்லீங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், மொட்டைப் பார்க்க எங்களுக்கு முன்னாலேயே ஒருவர் தினமும் வந்து போயிருக்கிறார்.

துரை மனம் உருகி அழுதுவிட்டார் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். நாளைக் காலை ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு முன் அந்தச் செடியை வெட்டிவிட வேண்டும் என்றார். கணக்கப்பிள்ளை மேற்கணக்குக்கு மாற வேண்டும் என்றார். காற்றும் குளிரும் சேர்ந்து ஆளை உருட்டுகிற இடம் அது, யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். கடைசியாக அஞ்சலை பக்கம் திரும்பி, "நீ வேலைக்குப் போ" என்றார். அஞ்சலை ஓடினாள். வசந்தியின் நாடி மெல்ல மெல்ல இறங்கி, தன் நடைக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். "டீச்சர், இப்ப உங்க கையக் குடுங்க, நான் பாக்கிறேன்" என்றாள் அந்த வாலு.

மறுநாள் காலையில் நான் போனபோது வெளியே வழக்கம்போல வெள்ளை. அதற்குள்ளிருந்து செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. ஆளை அனுப்பாமல் கணக்கப்பிள்ளை ஐயாவே வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு சேற்றுக் காலோடு அறைக்குள் வந்தார். பாட நேரத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. கையில் மொட்டுகளோடு ஒரு கிளை.

"தண்ணியில வச்சா பூக்குமா டீச்சர்?"

"தெரியலீங்க ஐயா. வச்சுப் பாப்போம்."

"நான் இத மொட்டிலேருந்து பார்த்திருக்கேன்" என்றாள் வசந்தி. "இது என் செடிதான், இத நம்பலாம்."

செம்பில் தண்ணீர் ஊற்றிச் சன்னல் கட்டையில் வைத்தோம். ஒரு காலையில் நான் உள்ளே நுழையும்போதே வீட்டில் பால் தீய்ந்த மணம். அம்மா அடுப்பை மறந்துவிட்டுக் கட்டிலில் மகளோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்து, நடுவில் மஞ்சள் தெரிந்தது. வெளியே பனி, உள்ளே பூ. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வசந்தி பூவருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"வாசனை இருக்கு டீச்சர். உங்க புத்தகத்துல அதப் போடலியே."

அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, இதுதானா! சின்னதுல இத எவ்வளவு பறிச்சு விளையாடியிருப்போம்!"

"தெரிஞ்சதுதான்னா ஏன் அக்கா விட்டீங்க?"

"எனக்குத் தெரியும். நீ பார்த்ததில்லையே பாப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். கூடையைச் சரிசெய்துகொண்டு நெரைக்குப் போய்விட்டாள்.

லொறியில் கட்டிலைக் கட்டி, மேற்கணக்குக்குக் குடிபோனார்கள். அடுத்த வருடம் வசந்தி தன் காலால் நடந்து பள்ளிக்கூடம் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் தூங்க மாட்டீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புது வீட்டில் முதல் நாள் காலை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிப் போய், வழக்கம்போல முதலில் சன்னலைத் திறந்தேன். அங்கேயும் பனி. கானுக்கு அந்தப் பக்கம் ஒரு செடி. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் கூடையோடு வெளியே வந்தாள். எங்களுக்கு முன்பின் தெரியாதவள். சன்னலைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டத்தில் செய்தி எங்களுக்கு முன்னாலேயே மேடு ஏறிவிட்டது.

"பாப்பா, இங்க எந்தச் செடிய விடணும்? சொல்லு, விட்டுருவோம்."

வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை ஐயா சட்டென்று திரும்பி, மலை உச்சியில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியது இருப்பதுபோல நின்றுகொண்டார். வசந்தி அப்பாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணையும் விட வேணாங்க. நான் பார்த்துட்டேன்" என்றாள். பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"உங்க பேரு என்னாங்க அக்கா?"